பைப் புகையிலைக் கலவை: பாதி மூக்கு, மீதி நாக்கு

அரைத்து டப்பாவில் அடைத்த மசாலாப் பொடியை ஒரு தரம் முகர்ந்துவிட்டு, ‘கல்பாசி தூக்கலா இருக்கு, சோம்பு பத்தலை’ என்று சொல்லிவிடும் ஆச்சிகள் காரைக்குடிப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். பொடியான பிறகும் அதற்குள் எது எவ்வளவு என்று பிரித்தறியும் அந்த மூக்குதான் பைப் புகையிலைக் கலவையை ருசி பார்ப்பதற்கும் வேண்டும். செட்டிநாட்டுச் சமையலில் மூக்கு பழகியவருக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, தீயை அடக்கி வைப்பது.

நம் பக்கத்தில் புகையிலை என்றால் வெற்றிலையோடு போடுவது, இல்லாவிட்டால் சுருட்டு. திண்டுக்கல், திருச்சிச் சுருட்டும், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்த சுருட்டும் பழைய வீடுகளுக்குப் பழக்கம். பைப் அப்படியல்ல. அது கிண்ணமும் தண்டும் உள்ள புகைக்குழாய். பழைய பேச்சில் அதைச் சுங்கான் என்பார்கள். அதன் கிண்ணத்துக்குள் போவது பெரும்பாலும் ஒரே இலை அல்ல. வெவ்வேறு நாட்டில் விளைந்து, வெவ்வேறு விதமாகப் பதப்படுத்திய மூன்று நான்கு இலைகளின் கூட்டு. அந்தக் கூட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது எவர் குரல் மேலே வருகிறது என்று கேட்டுப் பழகுவதுதான் ருசி பார்ப்பது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயிலேயே வைத்து விட்டுவிடுவது வழக்கம். அதனால் கெடுதல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாவற்றிலும் புற்றுநோய் வரும் அபாயம் பைப்பிலும் உண்டு. நிக்கோடின் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். புகைக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. இலைகளைத் தட்டில் பரப்பி முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டாலும் இந்த விஷயத்தில் பாதிக்கு மேல் புரிந்துவிடும். புகைக்கிறவருக்கும் சட்டம் உண்டு: 18 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, பொது இடத்தில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை.

கூட்டில் யார் யார்

பெரும்பாலான கலவைகளுக்கு அரிசி மாதிரி அடிப்படையாக நிற்பது வர்ஜீனியா. பெயர்தான் அமெரிக்கா, ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் மூட்டை மூட்டையாக விளைகிறது. அறுத்த இலையை அடைத்த கொட்டகையில் தொங்கவிட்டு, குழாய் வழியே வெப்பக் காற்றை மட்டும் விட்டு, புகை படாமல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உலர்த்துகிறார்கள். இப்படிச் சட்டென்று உலர்வதால் இலையிலுள்ள சர்க்கரை தங்கிவிடுகிறது. மஞ்சள் வர்ஜீனியாவில் வைக்கோல், எலுமிச்சைத் தோல் வாசனை. சிவப்பு, பழுப்பு வர்ஜீனியாவில் பேரீச்சம்பழம், சுட்ட ரொட்டியின் ஓரம். இனிப்பு அதிகம் என்பதாலேயே இது நாக்கையும் சுடும். அவசரக்காரரைத் தண்டிக்கிற இலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பர்லி அதற்கு நேர் எதிர். கொட்டகையில் நிழலில், காற்றிலேயே நாலு முதல் எட்டு வாரம் தொங்கி உலரும். சர்க்கரை அநேகமாகத் தீர்ந்துபோகும். வறுத்த நிலக்கடலை, இனிப்பில்லாத கோக்கோ மாதிரி ஒரு மட்டான சுவை மிஞ்சும். நிக்கோடின் கூடுதல். வேறு வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் குணமும் உண்டு. வெனிலா, செர்ரி என்று வாசனை ஏற்றி விற்கிற கலவைகளில் பர்லி ஒளிந்திருப்பது அதனால்தான்.

ஓரியண்டல் என்பது துருக்கி, கிரீஸ் பக்கத்துச் சின்ன இலை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெயிலில் காயவைத்தது. லேசான புளிப்பு, காய்ந்த மூலிகை, பழைய மரப்பெட்டி. தனியாகப் பேசத் தெரியாது. கூட்டத்தில் மற்றவர்களை இணைத்து வைக்கும். குழம்பில் கொத்தமல்லித்தூள் செய்கிற வேலை.

இனி வாசனைச் சாமான்கள். லட்டாக்கியா, சிரியாவின் துறைமுக ஊர் ஒன்றின் பெயர். இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு சைப்ரஸ் தீவிலிருந்து. ஓரியண்டல் இலையை மூடிய கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே விறகும் வாசனைச் செடிகளும் கனியவிட்டு, வாரக்கணக்கில் புகை போட்டுக் கருக்கவைக்கிறார்கள். விறகடுப்புக்கு மேலே பரணில் கிடந்த சாமானை இறக்கினால் ஒரு வாசனை வருமே, அதோடு தோலும் குங்கிலியமும் சேர்ந்ததுபோல இருக்கும். முதல் தடவை முகர்கிறவர் முகம் சுளிப்பார். ‘இவ்வளவு கறுப்பு, இவ்வளவு வாசனை, அப்படியானால் ரொம்பக் காட்டமாக இருக்கும்’ என்பது தொடக்கக்காரர் எல்லாரும் செய்கிற தவறு. லட்டாக்கியாவில் நிக்கோடின் குறைவு. கல்பாசியில் மணம் உண்டு, காரம் இல்லை. குண்டு மிளகாயில் காரம் உண்டு, மணம் அடக்கம். அந்தக் கணக்குத்தான் இங்கேயும். தலையைச் சுற்றவைப்பது பெரும்பாலும் பர்லியும், தீப்புகையில் உலர்த்திய கென்டக்கி இலையும்.

பெரிக் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் என்ற சின்ன வட்டாரத்துச் சரக்கு. இலையைப் பழைய விஸ்கிப் பீப்பாயில் அடைத்து, மேலே திருகுப் பொறி வைத்து அழுத்தி, தன் சாற்றிலேயே ஏறத்தாழ ஒரு வருஷம் புளிக்க விடுகிறார்கள். நடுவில் அவ்வப்போது திறந்து, காற்றாட உதறி, மறுபடி அழுத்துகிறார்கள். ஆவக்காய் ஜாடியைக் கிளறிவிடுவதுபோலத்தான். ருசியும் ஊறுகாய் இனம்: மிளகு, காடி, கறுத்த உலர்பழம். பெரும்பாலான கலவைகளில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் சேர்ப்பார்கள். அதற்கே மூக்கில் மிளகு ஏறும்.

கேவன்டிஷ் ஒரு இலையின் பெயர் அல்ல, ஒரு பக்குவத்தின் பெயர். வர்ஜீனியாவையோ பர்லியையோ ஆவியில் வேகவைத்து, அழுத்தி, இனிப்பு சேர்த்துக் கறுப்பாக்குவது. மென்மைக்காகச் சேர்ப்பது, தனி ருசி பெரிதாகக் கிடையாது.

கடையில் சொல்லும் பெயர்கள் இந்தச் சேர்மானத்தைத்தான் குறிக்கும். வர்ஜீனியா, ஓரியண்டல், லட்டாக்கியா மூன்றும் முக்கியமாகச் சேர்ந்தால் இங்கிலீஷ் கலவை. அதில் ஓரியண்டல் கை ஓங்கினால் பால்கன். வர்ஜீனியாவும் பெரிக்கும் சேர்ந்தால் வாபெர். வெளியிலிருந்து வாசனை ஏற்றியது அரோமேடிக். இந்தக் கடைசி வகையில்தான் புதியவர் ஏமாந்துபோகிறார். பக்கத்தில் இருப்பவருக்கு கேக் சுடுகிற வாசனை வரும். பிடிக்கிறவர் நாக்கில் வெந்நீர் மாதிரி ஒன்றுமிருக்காது. ருசி பார்க்கக் கற்றுக்கொள்ள இங்கிலீஷ் கலவையே நல்லது என்பது எங்கள் கட்சி. அதில் ஒவ்வொரு இலையும் தனித்தனி நிறம், தனித்தனி வாசனை. பிரித்துப் பார்க்கச் சுலபம்.

தட்டில் ஒரு பாடம்

வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, பல் குத்தும் குச்சி ஒன்று போதும். நூலாக நறுக்கிய இங்கிலீஷ் கலவையில் மூன்று கிராம், அதாவது மூன்று விரலால் இரண்டு சிட்டிகை, தட்டில் பரப்புங்கள். முற்றத்து வெளிச்சத்தில் பாருங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் பழுப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். குச்சியால் நிறவாரியாக ஒதுக்குங்கள்.

எலுமிச்சை மஞ்சளும் ஆரஞ்சும் வர்ஜீனியா. செம்பழுப்பு, சிவப்பு வர்ஜீனியாவாகவும் இருக்கலாம், பர்லியாகவும் இருக்கலாம். மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் பழவாசனை வருவது வர்ஜீனியா, கடலைத்தோல் வாசனை வருவது பர்லி. பச்சை ஓடிய மஞ்சளில் மெல்லிய துணுக்குகள் ஓரியண்டல். கறுப்பில்தான் குழப்பம் வரும். லட்டாக்கியாவும் கறுப்பு, கேவன்டிஷும் கறுப்பு. இரண்டு விரலுக்கிடையில் ஒரு நூலை வைத்துச் சூடேறத் தேய்த்து முகருங்கள். விறகுப் புகை வந்தால் முன்னது. வெல்லப்பாகு வந்தால் பின்னது.

பிறகு ஒவ்வொரு குவியலையும் தனித்தனியாக முகர்ந்து, கடைசியில் எல்லாவற்றையும் கலந்து முகருங்கள். கலந்த பிறகு மஞ்சள் குவியலின் வாசனை எங்கே போயிற்று என்று தேடுங்கள். லட்டாக்கியாவுக்குக் கீழே, மெல்லிய இனிப்பாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் புகையிலும் கண்டுபிடிக்கலாம். நடுநடுவே மூக்கு மரத்துப்போகும். உங்கள் சொந்தப் புறங்கையை முகர்ந்தால் தெளியும்.

ஈரம்

பைப்பில் நடக்கும் தப்புகளில் பாதி, ஈரத்தில் வருகிறது. டின்னில் வருகிற புகையிலை பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் ஈரத்தோடுதான் இருக்கும். பிடிக்கிற பதம் 12 முதல் 14 சதவீதம். அளக்கக் கருவி வேண்டாம். ஒரு சிட்டிகையை இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். மொறுமொறுவென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. பஞ்சுபோல மெதுவாக அவிழ்ந்தால் அதுதான் பதம்.

ஈரமாக இருந்தால் காகிதத்தில் பரப்பிக் காயவிடுவார்கள். எவ்வளவு நேரம் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் போட்டிருப்பதை இங்கே நம்பக் கூடாது. சித்திரையில் செட்டிநாட்டுக் காற்றில் கால் மணி நேரம் தாராளம். மறந்துபோய் ஒரு மணி நேரம் விட்டால் சருகுதான் மிஞ்சும். ஐப்பசி அடைமழையில் அதே புகையிலை ஒரு மணி கழித்தும் அப்படியே இருக்கும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் பத்து நிமிஷத்துக்கொரு தரம் விரலால் பாருங்கள். மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். மேலே சருகாகும், அடியில் ஈரம் நிற்கும். அரோமேடிக் சிலவற்றில் ஈரம் காக்கும் திரவம் சேர்த்திருப்பார்கள். அவை எத்தனை நேரம் வைத்தாலும் பிசுபிசுப்புப் போகாது.

அடைப்பது, பற்றவைப்பது

நடுத்தரமான கிண்ணத்தின் உள்வாய் 19, 20 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு முதல் மூன்று கிராம் கொள்ளும். மூன்று தவணையாகப் போடுவது பழைய முறை. முதல் சிட்டிகையைத் தானாக விழவிட்டு, குழந்தையின் விரல்போல லேசாகத் தொட வேண்டும். இரண்டாவதைக் கொஞ்சம் அழுத்தி, மூன்றாவதை இன்னும் சற்று அழுத்தி. முடிந்ததும் மேலே விரல் வைத்தால் பஞ்சு மெத்தைபோல எழும்பி வர வேண்டும். பற்றவைக்காமலே ஒரு தரம் உறிஞ்சிப் பாருங்கள். ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கிற அளவு எதிர்ப்பு இருந்தால் சரி. வெறும் காற்றாக வந்தால் தளர்ச்சி. கெட்டியான ஜிகர்தண்டா உறிஞ்சுவதுபோல இருந்தால் இறுக்கம். இறுக்கத்தைக் குத்திக் குடைந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். கொட்டிவிட்டு மறுபடி அடைப்பதே சுருக்கமான வழி.

தீக்குச்சியை உரசியதும் கிண்ணத்துக்குக் கொண்டுபோகாமல், மருந்து எரிந்து தீரும்வரை இரண்டு விநாடி பொறுங்கள். இல்லாவிட்டால் முதல் வாயில் கந்தகம்தான் ருசிக்கும். சுடரை மேல்பரப்பு முழுக்க வட்டமாகச் சுற்றி, மெதுவாக நாலைந்து தரம் இழுத்தால் புகையிலை பணியாரம்போல உப்பி மேலே வரும். அணையவிட்டு, தட்டையான குச்சியால் அதன் கனத்திலேயே அமர்த்துங்கள். இரண்டாவது பற்றவைப்புத்தான் உண்மையானது. ஒரு கிண்ணத்துக்குள் மூன்று நாலு தரம் அணைந்து மறுபடி கொளுத்த வேண்டிவந்தால் அது கைக்குறைவு இல்லை. அணையவே கூடாது என்று விடாமல் இழுப்பதுதான் தப்பு.

ஏன் தப்பு? இலையின் எண்ணெயும் சர்க்கரையும், கங்குக்குச் சற்றுக் கீழே, எரியாமல் ஆவியாகிற இடத்தில்தான் ருசியாகின்றன. வேகமாக இழுத்தால் கங்கு அந்த இடத்தையும் தின்றுவிடும். ருசிக்க வேண்டியது கரியாகிவிடும். கூடவே இலையின் ஈரம் கொதித்து, சூடான நீராவியாக நாக்கில் இறங்கும். நாக்கு எரிச்சலுக்குப் பெரும்பாலும் இந்த ஆவிதான் காரணம். மசாலாவைத் தீய விட்டுவிட்டு மிளகாயைக் குறை சொல்கிற கதை.

அரை நிமிஷத்துக்கொரு சின்ன வாய், சூடான கஞ்சியை ஓரத்தில் உறிஞ்சுவதுபோல. புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும். கிண்ணத்தைக் கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் கீழே வைத்துவிடுங்கள். இந்த வேகத்தில் ஒரு கிண்ணம் முக்கால் மணிக்குக் குறையாமல் வரும். இருபது நிமிஷத்தில் முடிந்தால் ருசி பார்க்கவில்லை, எரித்திருக்கிறீர்கள் என்று பொருள். முகப்புத் திண்ணையில் காற்று வீசினால் நீங்கள் இழுக்காமலே கங்கு வேகமெடுக்கும். கிண்ணத்தின் வாயில் விரலைக் குறுக்கே வைத்து மறைக்கலாம்.

வாய்க்குள் என்ன நடக்கிறது

புகையை நாக்கின் மேல் நாலு விநாடி வைத்திருந்து, மெதுவாக விடுங்கள். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, கசப்பு என்று நாலைந்துதான் தெரியும். மீதி எல்லாம் மூக்கு. ஆகவே வாயில் இருக்கிற புகையில் கொஞ்சத்தை, சும்மா மூச்சு விடுகிறாற்போல, மூக்கு வழியாக வெளியேற்ற வேண்டும். நெஞ்சுக்கு இறக்கக் கூடாது. முதலில் பாதிக்கு மேல் வாய் வழியாக விட்டுவிட்டு, கடைசிச் சொச்சத்தை மட்டும் மூக்குக்கு அனுப்புங்கள். கண் கலங்கினால் அளவு கூடிவிட்டது. பெரிக்கின் மிளகும், ஓரியண்டலின் மூலிகையும் அந்தச் சொச்சத்தில்தான் அகப்படும்.

ஒரே கிண்ணம் மூன்று விதமாக ருசிக்கும். மேல் மூன்றில் ஒரு பங்கில் வாசனைச் சாமான் கூச்சலிடும். லட்டாக்கியா இருந்தால் வேறொன்றும் காதில் விழாது. நடுப்பங்கில் அது அடங்கி, வர்ஜீனியாவின் இனிப்பு எழும்பி வரும். கலவை செய்தவரின் கைத்திறன் தெரிவது இங்கேதான்: இலைகள் ஒன்றோடொன்று கூடுகின்றனவா, தனித்தனியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அடிப்பங்கில் மேலேயிருந்து இறங்கிய எண்ணெயும் ஈரமும் சேர்ந்திருக்கும். சுவை அடர்ந்து, நிக்கோடின் ஏறும். கசந்து களகளவென்று சத்தம் வந்தால் பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை, தண்டுக்குள் விட்டு ஈரத்தை எடுங்கள். அப்போதும் கசந்தால் கொட்டிவிடலாம். கடைசித் துணுக்கு வரை பிடித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

வெறும் வயிற்றில் உட்காராதீர்கள். தலைசுற்றல், விக்கல், குமட்டல் வந்தால் நிக்கோடின் அதிகமாகிவிட்டது. பைப்பை வைத்துவிட்டு, இனிப்பாக எதையாவது சாப்பிட்டுச் சும்மா உட்காருங்கள். கோழி வறுவல் சாப்பிட்ட கையோடும் வேண்டாம், மிளகாய்ச் சூட்டில் நாக்கு எதையும் சொல்லாது. வெற்றிலை போட்டிருந்தால் சுண்ணாம்புக் காரம் அடங்க ஒரு மணியாவது விடுங்கள். பக்கத்தில் தண்ணீர், அல்லது சர்க்கரையில்லாத கறுப்புக் காபி. பால் காபி நாக்கில் படிந்து மறைத்துவிடும்.

பைப்பும் பேசும்

மீன்குழம்பு வைத்த மண்சட்டியில் பால் காய்ச்சுவார்களா? லட்டாக்கியா பிடித்த பைப்பில் வர்ஜீனியாவைப் போட்டால் அதேதான். பைப் செய்கிற பிரையர், எரிகா என்ற மத்தியதரைக் கடற்கரைச் செடியின் வேர்முண்டு. அது வாசனையை விடாமல் பிடித்துக்கொள்ளும். புதுக் கலவையை முதலில் களிமண் பைப்பிலோ, மக்காச்சோளக் கொண்டையில் செய்த மலிவான பைப்பிலோ பார்ப்பது உத்தமம். களிமண்ணில் பழைய வாசனை அநேகமாகத் தங்காது; ஆனால் கை சுடும். பிரையர் பைப்பைச் சூடாக இருக்கும்போது கழற்றினால் இணைப்பு விரிந்துவிடும் அல்லது தண்டு கீறும். ஆறவிட்டு, துடைத்து, ஒருநாள் ஓய்வு கொடுங்கள். உட்சுவரில் படியும் கரிப்படலம் ஒரு ரூபாய்க் காசின் கனத்தைத் தாண்டினால் சுரண்டிக் குறைக்க வேண்டும். அதற்குமேல் விட்டால் சூட்டில் விரிந்து கிண்ணத்தைப் பிளக்கும்.

திறந்த டின்னை உக்கிராணத்தில் வைக்காதீர்கள். இரண்டே வாரத்தில் புகையிலையில் பெருங்காயம் ஏறும். மரமூடி போட்ட பீங்கான் ஜாடி பார்வைக்கு அழகு, காற்றை அடைக்காது. ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடியில், இருட்டில், வீட்டின் குளிர்ந்த அறையில். குளிர்பெட்டி வேண்டாம், அங்கே காய்ந்துவிடும். மேலே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள்: மினுமினுக்கும் பொடிப் படிகமாக இருந்தால் கெடுதலில்லை, பஞ்சுபோல மயிர் நின்று, ஈரக்கோணி வாசனை வந்தால் பூஞ்சை. ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

ஒரு கலவையை ஒரே கிண்ணத்தில் தீர்ப்புச் சொல்லாமல், மூன்று வெவ்வேறு நாளில் பிடித்துப் பார்த்து எழுதி வையுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்பது குறிப்பாகாது. ‘மேல்: விறகுப் புகை, தோல். நடு: புகை அடங்கி எலுமிச்சைத்தோல், லேசான புளிப்பு. அடி: மிளகு, கசப்பு, ஈரம். மழைநாள், ஐம்பது நிமிஷம், நாலு தரம் கொளுத்தியது.’ இந்த அளவு போதும். ஜாடி மூடியில் அடைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள். வர்ஜீனியா வருஷக்கணக்கில் ஊறி இனிப்புக் கனியும், லட்டாக்கியாவின் கூர்மை மழுங்கும், அரோமேடிக்கில் ஏற்றிய வாசனை மெல்லப் பறந்துவிடும். ஆகவே அரோமேடிக்கை முதலில் தீர்த்துவிட்டு, வர்ஜீனியா ஜாடியைப் பின்வரிசைக்குத் தள்ளுங்கள்.